காலை 11:14:07க்கு அடுத்த விநாடி

தீபாவளிக்குச் சிங்கப்பூர் வீட்டைச் சுத்தம் செய்தபோது பாம் ஷெல்டரில் (வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை) ஒரு பழைய ரூட்டர் கிடைத்தது. தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு குறும்பு. லேப்டாப் வழியாக உள்ளே நுழைந்து, அதன் கடிகாரத்தை 2038 ஜனவரி 19, காலை 11:14க்குத் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஐந்து, ஆறு, ஏழு. அடுத்த விநாடி 1901 டிசம்பர் 14, அதிகாலை 4:45:52 என்று காட்டியது. “ஒட்டடை அடிக்கச் சொன்னா இங்க என்ன விளையாட்டு?” என்றார் மனைவி.

யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த கருவிகள் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி ஓடியது என்ற ஒரே எண்தான். (அந்த நேரத்தில் சிங்கப்பூரில் மணி காலை 7:30. எட்டு இல்லை, அரை மணி முன்னேறி இன்றைய நேரத்துக்கு நாம் வந்தது 1982 புத்தாண்டில்தான்.) பழைய கருவிகளில் அந்த எண்ணுக்கு 32 பிட் இடம், அதாவது 0 அல்லது 1 எழுத 32 கட்டங்கள். முதல் பிட் பிளஸ்ஸா மைனஸா என்று சொல்லப் போய்விடும். மீதியில் 2,147,483,647 வரை அடங்கும். அதோடு ஒன்றைக் கூட்டினால் முதல் பிட் புரண்டு எண் மைனஸ் ஆகிவிடுகிறது. தேதி 1970க்கு 68 ஆண்டு முன்னால் போய் விழுகிறது.

சரி, 64 பிட் கொடுத்துவிடலாமே? கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 32 பிட் கணினிகளுக்கும் லினக்ஸ் இயங்குதளம் 2020இல், 5.6 பதிப்பில், வழி செய்துவிட்டது. ஆனால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மட்டும் மாறினால் போதாது. கோப்பில் சேமிக்கும் இடம் 32 பிட்டாகவே இருந்தால் எண்ணை நறுக்கித்தான் போடும். 2038 வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. 25 ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணைத் தேதியைப் போடும் நிரல் இன்றைக்கே அந்தக் கோட்டைத் தாண்டுகிறது.

விநாடியாக எண்ணினால் 64 பிட் 29,200 கோடி ஆண்டு தாங்கும். ஆனால் லினக்ஸ் உள்ளுக்குள் நானோவிநாடியில் எண்ணுகிறது. அப்போது 292 ஆண்டுதான். 1970லிருந்து கணக்குப் போட்டால் 2262இல் முடிந்துவிடும். யாராவது கடிகாரத்தை அந்த எல்லைக்குப் பத்து நிமிடம் முன்னால் வைத்தால்? கொடுத்த எண் இடத்துக்குள் அடங்குகிறது, சோதனையில் தேறிவிடும். பதினோராவது நிமிடம் புரளும். ஆகவே “இந்த எண் அடங்குமா?” என்று கேட்டால் போதாது, “இதிலிருந்து ஓட ஆரம்பித்தால் எதுவரை அடங்கும்?” என்றும் கேட்க வேண்டும். 2019இல் லினக்ஸில் இதைத்தான் செய்தார்கள். எந்தக் கணினியும் ரீபூட் இல்லாமல் 30 ஆண்டுக்கு மேல் ஓடாது என்று வைத்துக்கொண்டு, எல்லையிலிருந்து 30 ஆண்டைக் கழித்தார்கள். 2232க்கு அப்பால் தேதி வைக்கப் பார்த்தால் கெர்னல் மறுத்துவிடும்.

இதில் வரிசையும் முக்கியம். விநாடியை நூறு கோடியால் பெருக்கி நானோவிநாடி ஆக்கிய பிறகு சோதிப்பது, வெள்ளம் வந்த பின் அணை போடுகிற கதை. பெருக்கும்போதே எண் புரண்டிருக்கும். போதாக்குறைக்கு, சி மொழியில் இப்படிப் புரள்வது நடக்கவே நடக்காது என்று நம்பிக்கொண்டு கம்பைலர் (நம் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது) நம் சோதனை வரியையே தூக்கிவிடலாம்! பெருக்குவதற்கு முன், விநாடியாக இருக்கும்போதே எல்லையோடு ஒப்பிட்டுவிட வேண்டும்.

சில எண்ணிகளைப் புரளாமல் தடுக்கவே முடியாது. கணினி ஆன் ஆனதிலிருந்து மில்லிவிநாடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி 49.7 நாளில் ஒரு சுற்று முடித்துப் பூஜ்யத்துக்கு வரும். அங்கே “எது பெரிய எண்?” என்று ஒப்பிடாமல் கழிக்க வேண்டும். 8 பிட்டில் பாருங்கள்: 250இல் தொடங்கிய வேலை 4இல் முடிகிறது. 4லிருந்து 250ஐக் கழித்தால் அந்த 8 பிட்டுக்குள் விடை 10. சரியான இடைவெளி.

இதைச் செய்ய மறந்த நிரல்களைப் பிடிக்க லினக்ஸில் ஒரு தந்திரம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 32 பிட் கணினியில் அதன் டிக் எண்ணி (கடிகாரத் துடிப்புகளை எண்ணுவது) பூஜ்யத்தில் தொடங்காது. புரள்வதற்குச் சரியாக ஐந்து நிமிடம் முன்னால் தொடங்கும். தப்பாக எழுதிய டிரைவர் (கணினியோடு இணைந்த கருவியை இயக்கும் நிரல்), எழுதியவர் காபி குடித்து முடிப்பதற்குள் அவர் மேசையிலேயே படுத்துவிடும்.