தேவாலயம் போய்விட்டது, கோபுரம் மட்டும் நிற்கிறது

பாரிஸில் ரிவோலி சாலையோரம், ஒரு சின்னப் பூங்காவுக்கு நடுவில், தேவாலயமே இல்லாமல் ஒரு தேவாலயக் கோபுரம் தனியாக நிற்கிறது. சேன் ஜாக் கோபுரம், 50 மீட்டருக்குச் சற்றே கூடுதல் உயரம், 1509 முதல் 1523 வரை கட்டிய பிற்கால கோதிக் பாணிக் கட்டட வேலை. அந்தப் பகுதியில் கசாப்புக்காரர்கள் அதிகம், அதனால் தேவாலயத்தின் பெயரிலேயே கசாப்பு இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1797 வாக்கில், அதை விற்று இடித்துவிட்டார்கள். கோபுரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று நிபந்தனை.

சரி, மணியும் பூசையும் போன கோபுரத்தை வைத்து என்ன செய்வது? ரவை செய்யலாம். உப்புமா ரவை இல்லை, வேட்டைத் துப்பாக்கியில் போடும் ஈயக் குண்டு. 1820-களில் ஒருவர் இங்கே அந்தத் தொழிலைத்தான் நடத்தினார்.

செய்முறை கிட்டத்தட்ட பூந்தி மாதிரி. 327 டிகிரி செல்சியஸில் உருகும் ஈயத்தில் துளி ஆர்சனிக் சேர்த்து, உச்சியிலிருந்து கண்கண்ணாகத் துளையிட்ட சட்டி வழியாக விட வேண்டும். விழும் துளி கண்ணீர்த்துளி வடிவில் இருக்கும் என்றுதான் படங்களில் வரைகிறார்கள், அது தப்பு. திரவத்தின் மேற்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும், ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த பரப்பு உள்ள வடிவம் உருண்டை, எனவே சின்னத் துளி காற்றிலேயே உருண்டுவிடும். 50 மீட்டர் விழ 3 நொடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் வெளித்தோல் இறுகிவிட வேண்டும், இல்லாவிட்டால் கீழே தண்ணீர்த் தொட்டியில் மோதி நசுங்கும். உயரம் தேவைப்படுவது இதற்குத்தான்.

இதே உயரம் 1648-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கலுக்கு உதவியிருக்கிறது. பிரான்ஸின் புய் டி டோம் மலையில் அவருடைய மைத்துனர், காற்றழுத்தம் குறைந்தால் மட்டம் இறங்கும் பாதரசக் குழாயைச் சுமந்து ஏறி, மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதைக் காட்டினார். அப்புறம் பாஸ்கல் இந்தக் கோபுரத்தில் அதையே செய்து பார்த்தார். அடிக்கும் உச்சிக்கும் பாதரச மட்டத்தில் வித்தியாசம் சுமார் நாலரை மில்லிமீட்டர், அதாவது ஓர் அரிசியின் நீளம்கூட இல்லை. தரைக்கு அருகில் ஏறத்தாழ 11 மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்பது இன்றைய கணக்கு. வகுத்துப் பாருங்கள், பொருந்தும்.

1836-ல் மாநகராட்சி கோபுரத்தை வாங்கியது. 1850-களில் ரிவோலி சாலையை நீட்டும்போது சுற்றியிருந்த மண்மேட்டை வெட்டிச் சமன்படுத்தியதில் அஸ்திவாரம் வெளியே தெரிந்துவிட, அடியில் புதுப் பீடம் கட்டித் தாங்க வேண்டியதாயிற்று. பாஸ்கலின் பளிங்குச் சிலை இப்போது அந்தப் பீடத்தில்தான் இருக்கிறது. 1891-லிருந்து உச்சியில் வானிலைக் கருவிகளும் வந்துவிட்டன.