டேம் லைசன்ஸ் ரினியூவலுக்கு வந்திருக்கு, கோயில் கமிட்டிக்காரங்க தயவுசெஞ்சு படிங்க

இந்த ஆடியிலயும் அதே கதை. பக்கத்துத் தோட்டத்துக் கோயில்ல கரகம் பாலிக்க ஆத்துக்குப் போன கூட்டத்துல சின்னப் பசங்க சில பேர் நடு ஆத்துப் பாறையில மாட்டிக்கிட்டாங்க. மழை இல்ல, மலைப்பக்கம் கறுக்கக்கூட இல்ல, கணுக்கால் அளவு இருந்த தண்ணி கொஞ்ச நேரத்துல இடுப்புக்கு மேல ஏறிடுச்சு, பொம்பாக்காரங்க (தீயணைப்புப் படை) வந்து கயிறு கட்டித்தான் பசங்கள கரைக்குக் கொண்டு வந்தாங்க. ஆத்தா புண்ணியத்துல உயிருக்கு ஒன்னும் ஆகல. ஆனா அன்னைக்கு ராத்திரியே வாட்சப் குரூப்பு பூரா கெப்பாலா ஆயேர், கெப்பாலா ஆயேர்னு (மலையில மழை பெஞ்சு ஆத்துல திடீர்னு அடிச்சிக்கிட்டு வர்ற வெள்ளம்) ஒரே பேச்சு, மேல மலையில எங்கயோ மழை பெஞ்சிருக்கும்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. அந்த ஆத்துல மேல ஒரு மினி ஹைட்ரோ டேம் (ஆத்துத் தண்ணியில கரண்டு எடுக்கற சின்ன அணை) இருக்குன்னு ஒருத்தர் வாயிலயும் வரல.

எனக்கு வேலையே இந்த சின்ன டேமுங்கதான். லைசன்ஸ் முடியப்போற நேரத்துல போய் சுவரு, கேட்டு, கால்வாய், பைப்பு, கீழ ஆத்துல யாரு என்னன்னு எல்லாத்தையும் பாத்து ரிப்போர்ட் எழுதுறது. இந்த மாதிரி கேஸு எத்தனைய பாத்தாச்சு, இனி எழுதாம இருக்க முடியல.

முதல்ல ஒன்னு தெளிவா சொல்லிடுறேன். கெப்பாலா ஆயேர்னா தண்ணி கலங்கும், இலையும் குச்சியும் அடிச்சிக்கிட்டு வரும், மேல இருந்து ஒரு இரைச்சல் கேக்கும், பெரியவங்க அதப் பாத்து பசங்கள ஏத்திடுவாங்க. டேம்ல இருந்து வர்ற தண்ணி அப்படி இல்ல. பளிங்கு மாதிரி வரும், வெயில் அடிச்சிக்கிட்டு இருக்கறப்பவே வரும். ஏன்னா அது மழைத் தண்ணி இல்ல, ஏற்கனவே ஆத்துல ஓடிக்கிட்டு இருந்த அதே தண்ணிதான், அதுவரைக்கும் பைப்புக்குள்ள போய்க்கிட்டு இருந்துச்சு, இப்ப ஆத்துக்குள்ள திரும்பி வருது, அவ்ளோதான்.

டேமுக்கும் கீழ இருக்கற பவர் ஹவுஸுக்கும் நடுவுல ஒரு துண்டு ஆறு இருக்கும், அங்க தண்ணி ரொம்பக் கொஞ்சமா ஓடும், பாறையெல்லாம் வெளிய தெரியும், அழகா இருக்கும், நம்ம ஆளுங்க பாய் விரிச்சு பிரியாணி சட்டிய இறக்குறது சரியா அந்த இடத்துலதான். 2 மெகாவாட் மிஷின், 100 மீட்டர் உயரத்துல இருந்து தண்ணி இறங்குதுன்னு வைங்க, அதுக்கு செகண்டுக்கு ஏறக்குறைய ரெண்டரை கன மீட்டர் தண்ணி வேணும், அதாவது ஒவ்வொரு செகண்டும் ரெண்டரை டன். எங்கயோ லைன்ல இடி விழுந்து மிஷின் ட்ரிப் ஆச்சுன்னா, அதாவது தானா நின்னுடுச்சுன்னா, டர்பைன் வாய மூடிக்கும், அந்த ரெண்டரை டன்னும் போக வேற வழி இல்ல, கால்வாய் நிரம்பி, டேம் மேல வழிஞ்சு, உங்க பிரியாணி சட்டி இருக்கற இடத்துக்குத்தான் வரும். யாரும் கேட்ட திறந்து விடணும்னு அவசியமே இல்ல. இதுல ஆப்பரேட்டர குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல, அவருக்கே ட்ரிப் ஆனப்புறம்தான் தெரியும்.

சரி, இதுக்கும் லைசன்ஸ் ரினியூவலுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. இங்கதான் எனக்கு ஆத்திரமே வருது. நம்ம டவுன்ல யார்கிட்ட பேசினாலும், படிச்சவங்ககூட, லைசன்ஸ் ரினியூன்னா ரோட்டேக்ஸ் எடுக்கற மாதிரின்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. காசு கட்டுவான், ஸ்டிக்கர் வாங்குவான், அது கம்பெனிக்கும் கவர்மெண்டுக்கும் உள்ள விஷயம், நமக்கென்னன்னு. இல்லைங்க, இல்லவே இல்ல. லைசன்ஸ் குடுக்கறதுன்னா ஒரு ஆத்த இத்தனை வருஷத்துக்கு ஒருத்தர் இன்ன மாதிரி பயன்படுத்தலாம்னு ஒத்துக்கறது. கரண்டு உற்பத்தி பண்ண 1990 மின்சார விநியோகச் சட்டத்துல சுருஹான்ஜாயா தெனாகா (மலேசிய எரிசக்தி ஆணையம்) லைசன்ஸ் குடுக்குது, ஆனா ஆறும் நிலமும் மாநில அரசாங்கத்தோடது, அதுக்கு அவங்க அனுமதி தனி. 2011 புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்துல 30 மெகாவாட் வரைக்கும் சின்ன ஹைட்ரோன்னு எடுத்துக்கிட்டாங்க, அந்தத் திட்டத்துல கரண்டுக்கு நிர்ணயிச்ச விலை 21 வருஷத்துக்கு. 21 வருஷம்னா யோசிச்சிப் பாருங்க, இன்னைக்கு ஸ்ட்ரோலர்ல இருக்கற பிள்ளை கல்யாணம் பண்ற வயசு. லைசன்ஸும் ஒருதடவை விட்டீங்கன்னா அடுத்து வாய் திறக்க பல வருஷம் காத்திருக்கணும்.

அமெரிக்காவுல இது எப்படி நடக்குதுன்னு சொல்றேன், கேட்டா நமக்கே உறைக்கும். அங்க லைசன்ஸ் 30 வருஷத்துல இருந்து 50 வருஷம் வரைக்கும். முடியறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே கம்பெனி நோட்டீஸ் குடுத்து வேலைய ஆரம்பிக்கணும், ரெண்டு வருஷம் முன்னாடி அப்ளிகேஷன் உள்ள போயிடணும், நடுவுல ஆத்தோரத்து ஜனங்க, மீன் பிடிக்கறவங்க, படகு விடறவங்க, பழங்குடி மக்கள் எல்லாரும் எழுதிக் குடுக்கலாம். கரண்ட மட்டும் பாக்கக் கூடாது, மீனு, ஆறு, ஜனங்க பொழுதுபோக்கு எல்லாத்தையும் சமமா எடை போடணும்னு 1986-லயே அங்க சட்டம் போட்டுட்டாங்க. மெய்ன் மாநிலத்துல கென்னபெக் ஆத்துல எட்வர்ட்ஸ் டேம்னு ஒன்னு இருந்துச்சு, 1837-ல கட்டினது, வெறும் மூணரை மெகாவாட். லைசன்ஸ் ரினியூவலுக்கு வந்தப்ப மீன் ஏற வழி இல்லன்னு ஊர் ஜனங்க விடாம நின்னாங்க, 1997-ல லைசன்ஸ் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க, 1999-ல டேமையே எடுத்துட்டாங்க. நான் டேம இடிங்கன்னு சொல்லல, எனக்கு ஹைட்ரோ மேல மரியாதை உண்டு, நல்லா பராமரிச்சா தலைமுறைக்கும் ஓடும், நம்ம பேராக் ஆத்துல செண்டெரோ டேம் 1930-ல இருந்து கரண்டு குடுக்குது. நான் சொல்ல வர்றது, ரினியூவல் நேரத்துல ஜனங்க பேச்சுக்கு அவ்வளவு கனம் இருக்கு. அந்த அஞ்சு வருஷ நடைமுறையெல்லாம் நம்மகிட்ட இல்லைங்கறதாலதான் கூப்பிடற ஒரே ஒரு கூட்டத்துக்காவது வாங்கன்னு கெஞ்சுறேன்.

இப்ப மாட்டிக்கிட்ட பசங்க விஷயத்துக்கு வர்றேன். அந்த டேமுக்கு ரினியூவல் வந்தப்ப தேவான்ல (ஊர் மண்டபத்துல) கூட்டம் போட்டாங்க, நோட்டீஸ் டேசா (கிராம) ஆபீஸ்லயும் கடைத்தெருவுலயும் ஒட்டியிருந்துச்சு. வந்தது யாரு, மீன் வளக்கற ரெண்டு பேரு, மேல கிராமத்துல இருந்து ஒராங் அஸ்லி (பழங்குடி) பெரியவர் ஒருத்தர், ஒரு ரிட்டயர் வாத்தியார். அந்த ஒராங் அஸ்லி ஐயா ஆத்துல எந்த மாசம் எந்த மீன் ஏறும்னு புட்டுப் புட்டு வெச்சாரு, அவர் சொன்னதாலதான் டேமுக்குக் கீழ எப்பவும் இவ்வளவு தண்ணி ஓடணும்னு கண்டிஷன் வந்துச்சு. கோயில் பக்கம் இருந்து ஒருத்தர்கூட வரல. வருஷா வருஷம் நூத்துக்கணக்கான பேர் அந்த ஆத்துல இறங்குறாங்கன்னு யாராவது ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா அது ரிப்போர்ட்ல ஏறியிருக்கும்.

சைரன் இருந்துச்சே, அது ஏன் கேக்கலன்னு கேக்கறாங்க. நான் அந்த சைரன் கம்பத்துக்கிட்ட போய் நின்னு பாத்தேன். 80-கள்ல டேம் கட்டினப்ப ஆத்தோரமா ரெண்டு வரிசை லயம் (தோட்டத் தொழிலாளிங்க வீடு) இருந்துச்சு, சைரன அந்த லயத்துக்குத்தான் வெச்சாங்க, அன்னைக்கு அது சரியான இடம். இப்ப லயமே இல்ல. பால்மரத்த வெட்டி செம்பனை போட்டாச்சு, ஜனங்க டவுனுக்கும் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதிக்கும்) போயாச்சு, தண்ணிக் குழாயடி சிமெண்டுத் திண்ணை மட்டும் புல்லுக்குள்ள கெடக்கு, சைரனோட வாய் அந்தத் திண்ணையப் பாத்துக்கிட்டு நிக்குது. கூட்டம் சேர்ற பாறையோ வளைவு தாண்டி கீழ, நடுவுல அடர்த்தியா செம்பனை. ஊதினாலும் மேளச் சத்தத்துல கேக்கவே கேக்காது. டேம் நின்ன இடத்துலயே நிக்குது, சுத்தி இருக்கற ஜனங்கதான் இடம் மாறிட்டாங்க. எங்க தொழில்ல டேமோட ஆபத்த அதோட உயரத்த வெச்சு மட்டும் அளக்கறதில்ல, ஏதாவது ஆனா கீழ யாருக்கு என்ன சேதம்னுதான் பாப்போம். கீழ யாரு இருக்கீங்கன்னு நீங்க சொல்லலன்னா பழைய மேப்புல இருக்கற லயத்தத்தான் கணக்குல எடுப்பாங்க. கேமரன் மலையில பெர்த்தாம் பள்ளத்தாக்குல 2013 அக்டோபர் 23 விடிகாலையில என்ன நடந்துச்சுன்னு மறந்திருக்க மாட்டீங்க, ரிங்லெட்ல சுல்தான் அபு பாக்கார் டேம்ல தண்ணி திறந்தப்ப ஆத்த ஒட்டி இருந்த வீடும் காரும் அடிச்சிக்கிட்டுப் போய் உயிரும் போச்சு. அது பெரிய டேம்தான். ஆனா ஆத்த ஒட்டி ஜனங்க வந்து சேர்றது சின்ன டேமுக்குக் கீழயும் நடக்குது.

இப்ப நம்ம ஆத்து டேமுக்கே ரினியூவல் வந்திருக்கு. தயவுசெஞ்சு இந்தத் தடவை கேளுங்க. மிஷின் ட்ரிப் ஆனா சைரன் தானா ஊதணும், ஆப்பரேட்டர் போன் பண்ணி ஆள் போய் பட்டன் அழுத்தற வேலை வேணாம்னு கேளுங்க. சைரன் இப்ப ஜனங்க இறங்குற இடத்துல இருக்கணும், மாசத்துக்கு ஒரு தடவை நாள் சொல்லி ஊதிக் காட்டணும், போர்டு மலாய்லயும் தமிழ்லயும் சீனத்துலயும் இருக்கணும். திருவிழாவுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கு, யாருமே கேக்கறதில்ல: முந்தின நாள் சாயந்தரமே மிஷின நிறுத்தி ஆத்த இயற்கையா ஓட விட்டுட்டா மறுநாள் மிஷினால தண்ணி திடீர்னு ஏறாது, ட்ரிப் ஆக அங்க ஒன்னும் ஓடலையே. கம்பெனிக்கு ஒரு நாள் கரண்டுக் காசு போகும், அவ்ளோதான், இத லைசன்ஸ் கண்டிஷனாவே எழுதச் சொல்லலாம். வாயால சொல்லிட்டு வந்துடாதீங்க, எழுதிக் குடுத்து சாப் (முத்திரை) வாங்கிக்கிட்டு வாங்க. எழுத்துல இல்லாதது எங்க ரிப்போர்ட்ல நிக்காது.

அது வரைக்கும் என்ன பண்றது? டேமுக்கும் பவர் ஹவுஸுக்கும் நடுவுல இருக்கற ஆத்துல இறங்காதீங்க, தண்ணி கம்மியா இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க, கம்மியா இருக்கறதே உங்களுக்கு எச்சரிக்கை. பவர் ஹவுஸுக்குக் கீழயும் மிஷின் ஸ்டார்ட் ஆகறப்ப தண்ணி ஏறும். டேம் சுவரு வழிஞ்சு விழற இடத்துல குளிக்கவே குளிக்காதீங்க, அங்க தண்ணி உள்ள இழுத்துச் சுழட்டும், நீச்சல் தெரிஞ்ச வாட்டசாட்டமான ஆளயே விடாது. நடுப்பாறையில பிள்ளைங்கள உக்கார வெச்சு போட்டோ எடுக்கற அப்பாமாருங்களே, உங்ககிட்டதான் சொல்றேன், வேணாம். கரையில ஒரு கல்லுல தண்ணி மட்டத்துக்கு மஞ்சளோ குங்குமமோ ஒரு கோடு போட்டுட்டு ஒரு பெரியவர அதையே பாக்கச் சொல்லுங்க, கோடு முழுகினா கரகமோ பூசையோ எதையும் பாக்காம எல்லாரும் ஏறிடணும், சாமான் போனா போகட்டும்.

கூட்டம் அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை காலையில, தேவான் ஓராங் ராமாய்ல. பாரம் மலாய்லதான் இருக்கும், நிரப்பத் தெரியாதவங்க கொஞ்சம் சீக்கிரம் வாங்க, நான் உக்காந்து எழுதித் தர்றேன், பாட்டிமாருங்க வந்தாலும் சரி, ஆத்துல யாரு எங்க இறங்குவாங்கன்னு அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். கோயில் கமிட்டித் தலைவருங்க திருவிழா தேதி, கருமாதி பண்ற துறை, லீவு நாள்ல பிள்ளைங்க கூடற இடம் இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி கையோட கொண்டு வாங்க, அத அப்படியே மேப்புல குறிச்சு ரிப்போர்ட்ல சேத்துடலாம்.