“பிதாவே, சிலுவையில் மரித்தீரே”: ஞானஸ்நான வகுப்பு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய பிழை

“பரலோகப் பிதாவே, எனக்காகச் சிலுவையில் மரித்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்.” ஜெபக் கூட்டங்களில் இந்த வரியைக் கேட்காதவர்கள் குறைவு. நாமும் ஆமென் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். சிலுவையில் மரித்தவர் குமாரன், பிதா அல்ல. கடவுள் ஒருவரே, ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆட்கள் என்பதே திரித்துவம்; இந்த ஜெபம் பிதாவையும் குமாரனையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது. வாய் தவறி வந்ததுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் பெரும்பாலும் அப்படி வருவதில்லை; மனதில் பதிந்திருக்கும் படம்தான் வார்த்தையாக வெளியே வருகிறது. இது புதுப் பிழையும் அல்ல. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கார்த்தேஜ் நகரத்துச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்று போதித்த பிரக்சேயாஸ் என்பவர் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டார் என்று குத்தலாக எழுதியிருக்கிறார்.

அந்தப் படத்தைப் பிள்ளைகள் மனதில் ஏற்றுவது பல நேரங்களில் நாம் சொல்லும் உவமைதான். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்பது அதிகம் புழங்குகிற ஒன்று. அதே தண்ணீர் ஒரு நேரம் பனிக்கட்டியாக இருக்கிறது, இன்னொரு நேரம் நீராவியாகிவிடுகிறது. கேட்கிற பிள்ளை அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளும்? ஒரே கடவுள் மூன்று வேஷம் கட்டுகிறார் என்றுதான். சபெல்லியுஸ் என்ற பழங்காலப் போதகரின் பெயரால் அறியப்பட்டு, சபை தவறென்று தள்ளிய போதனை இதுவே. இதை மாற்ற மத்தேயு 3:16, 17 போதும். குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், வானத்திலிருந்து பிதாவின் சத்தம் கேட்கிறது. எல்லாம் ஒரே வேளையில். வேஷம் மாற்ற அங்கே இடைவேளையே இல்லை.

ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு மூன்றும் சேர்ந்து ஒரு முட்டை என்ற உவமை வேறு விதத்தில் கெடுக்கும். முட்டையின் ஓடு மட்டும் கையில் இருக்கும்போது இதுதான் முட்டை என்று யாரும் சொல்வதில்லை. குமாரனோ கடவுளில் மூன்றில் ஒரு பங்கு அல்ல. கொலோசெயர் 2:9 அவருக்குள் தேவத்துவத்தின் பரிபூரணம் முழுவதும் இருப்பதாகச் சொல்கிறது. எங்களைக் கேட்டால், முதல் வகுப்பில் உவமையே வேண்டாம்.

அதற்குப் பதில் ஒரு வசனத்தை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். யோவான் 10:30, “நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்.” ‘ஒருவராயிருக்கிறோம்’ என்று இல்லை, ‘ஒன்றாய்’ என்று இருக்கிறது. ‘இருக்கிறேன்’ என்று இல்லை, ‘இருக்கிறோம்’ என்று பன்மையில் முடிகிறது. கிரேக்க மூலத்திலும் அப்படியேதான்: ‘ஒன்று’ ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத, நம் அஃறிணை போன்ற பாலில், வினை பன்மையில். சாரம் ஒன்று, ஆட்கள் வேறு. பெரிய கலைச்சொல் எதுவும் இல்லாமல், பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணத்தை வைத்தே இதைப் புரியவைக்கலாம்.

1 யோவான் 5:7-ஐ மட்டும் ஆதாரத் தூணாக வைக்காதீர்கள். “பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்” என்ற பகுதி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட அறிஞர் எராஸ்முஸ் தமது 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, 1522-இல்தான் சேர்த்தார். இதை அறிந்த ஒருவர் வகுப்பில் எழுந்து கேட்டால் உங்கள் பாடமே ஆட்டம் காணும். மூவரையும் சேர்த்துச் சொல்ல மத்தேயு 28:19 இருக்கிறது, 2 கொரிந்தியர் 13:14 இருக்கிறது.

‘ஆவி’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல். தமிழில் அது அஃறிணை. “ஆவி வந்தது, ஆவி இறங்கியது” என்றே பேசிப் பழகினால், பரிசுத்த ஆவி மின்சாரம் போன்ற ஒரு சக்தி என்ற எண்ணம் தானாக வளர்ந்துவிடும். ‘ஆவியானவர்’, ‘தூய ஆவியார்’ என்று சொல்வது வெறும் மரியாதைக்காக மட்டும் அல்ல. எபேசியர் 4:30 அவரைத் துக்கப்படுத்தாதிருங்கள் என்கிறது. மின்சாரத்தை யாரும் துக்கப்படுத்த முடியாது.

இதெல்லாம் இறையியல் படித்தவர்களின் தகராறு, சாதாரண விசுவாசிக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இரட்சிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே அதற்கு விடை தெரிந்துவிடும். குமாரன் படைக்கப்பட்டவர் என்றார் அலெக்சாந்திரியா நகரத்துச் சபை மூப்பர் ஆரியுஸ். அப்படியானால் மீட்பு தேவைப்படும் ஒரு படைப்பை இன்னொரு படைப்பு கடவுளோடு எப்படிச் சேர்க்கும்? அதே நகரத்தின் ஆயர் அத்தனாசியுஸ் பிடித்துக்கொண்ட கேள்வி இது. அதற்காக ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் குமாரன் “பிறந்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்ல” என்று விசுவாசப் பிரமாணத்தில் எழுதி வைத்தது. குயவர் வனைந்த பானையில் அவருடைய கைத்திறன் தெரியும். அவர் பெற்ற பிள்ளையின் உடம்பில்தான் அவருடைய இரத்தம் ஓடும். அந்தப் பிரமாணத்தில் ஆவியானவரைப் பற்றிய வரிகள் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தோடு விரிவடைந்தன.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் அதே அளவு ஆபத்தானது. கோபக்காரத் தகப்பன், இரக்கமுள்ள மகன். மகன் குறுக்கே விழுந்து நம்மைக் காப்பாற்றினார் என்று சிலுவையைச் சொல்வது. கேட்கும்போது கண்ணீர் வரும், ஆனால் பிதாவுக்கும் குமாரனுக்கும் இரண்டு மனம் இருப்பதாக ஆகிவிடும். நம்மை நேசித்து குமாரனைத் தந்தவரே பிதா (யோவான் 3:16). குமாரனும் இழுத்துவரப்பட்ட பலியாடு அல்ல. தம் ஜீவனை ஒருவனும் எடுத்துக்கொள்ளவில்லை, தாமே கொடுப்பதாகச் சொல்கிறார் (யோவான் 10:18). சித்தம் ஒன்றே.

வகுப்பில் இதை நடத்த எபேசியர் 1:3-14 நல்ல பகுதி. கிரேக்கத்தில் இந்த 12 வசனங்களும் ஒரே நீண்ட வாக்கியம். ஒவ்வொருவருக்கும் மூன்று வண்ணப் பென்சில் கொடுங்கள். பிதா செய்ததை ஒரு நிறத்தில் கோடிடட்டும்: தெரிந்துகொண்டார், முன்குறித்தார் (3-6). குமாரனில் கிடைத்தது அடுத்த நிறத்தில்: அவருடைய இரத்தத்தினாலே மீட்பு, பாவமன்னிப்பு (7-12). ஆவியானவரால் நடந்தது மூன்றாவது நிறத்தில்: முத்திரை, அச்சாரம் (13, 14). மூன்று பகுதியின் முடிவை ஒட்டியும் ‘புகழ்ச்சி’ என்ற சொல் வருவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நிறங்கள் பிரிந்திருப்பதால் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று நினைப்பார்கள். பிதா தெரிந்துகொண்டதும் ‘கிறிஸ்துவுக்குள்’தான் என்று 4-ஆம் வசனத்தைக் காட்டி, அங்கே இரண்டு நிறமும் சேர்ந்து விழ வையுங்கள்.

“நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேனா, இல்லையா?” என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். வேதம் மூன்று காலத்திலும் பேசுகிறது: இரட்சிக்கப்பட்டீர்கள் (எபேசியர் 2:8), இரட்சிக்கப்படுகிற நமக்கு (1 கொரிந்தியர் 1:18), இரட்சிக்கப்படுவோம் (ரோமர் 5:9). ஒன்றை மட்டும் பிடித்தால் ஒருவர் அலட்சியமாகிவிடுவார், இன்னொருவர் பயத்திலேயே இருப்பார். இங்கேதான் ‘அச்சாரம்’ கைகொடுக்கும். வீட்டுக்கு அச்சாரம் கைமாறிய பிறகும் பத்திரம் முடிய நாள் இருக்கும். ஆனால் அந்த வீட்டை அதற்குப் பிறகு வேறு யாருக்கும் பேச மாட்டார்கள். எபேசியரில் அச்சாரத்தைக் கொடுத்தவர் நாம் இல்லை, கடவுள்.