மரத்தின் உயரத்தை எந்த அலகில், எவ்வளவு நுட்பமாக எழுதுவது?

மரங்களை ஆய்வு செய்து அறிக்கை தருவது என் தொழில். பார்வைக்கு வரும் பழைய அறிக்கைகளில் 'உயரம் 18.288 மீட்டர்' என்பது போன்ற எண்கள் அடிக்கடி கண்ணில் படும். மில்லிமீட்டர் வரை அளந்ததைப் போலத் தோன்றும் இந்த எண், பெரும்பாலும் யாரோ கண்மதிப்பாகச் சொன்ன 60 அடிதான். ஓர் அடி என்பது சரியாக 0.3048 மீட்டர் என்பதால் பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் ஐந்தடி முன்பின் இருக்கக்கூடிய ஒரு மதிப்பீட்டுக்கு, அதற்கு உரிமையில்லாத துல்லியத்தை அந்தப் பெருக்கல் ஏற்றிவிடுகிறது. 'சுமார் 18 மீட்டர்' என்று எழுதியிருந்தாலே போதும்.

நாற்றின் உயரத்துக்குச் சென்டிமீட்டர், வளர்ந்த மரத்துக்கு மீட்டர், அடிமர விட்டத்துக்குச் சென்டிமீட்டர், ஆண்டு வளையத்தின் அகலத்துக்கு மில்லிமீட்டர் என்பது வழக்கம். ஒரே பட்டியலில் அடியும் மீட்டரும் கலப்பதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். விட்டத்தைச் சென்டிமீட்டரிலிருந்து மாற்றாமல் கன அளவு கணக்கிட்டால் விடை பத்தாயிரம் மடங்கு பெருகி, தவறு தானே வெளிப்பட்டுவிடும். ஆனால் 12 என்ற எண் அடியாகவும் இருக்கலாம், மீட்டராகவும் இருக்கலாம். இரண்டு உயரத்திலும் மரங்கள் உண்டு என்பதால் யாருக்கும் சந்தேகம் எழாது.

அளக்கும் முறை எளிது. மரத்திலிருந்து 20 மீட்டர் கிடைத்தொலைவில் நின்று, கோணம் காட்டும் கருவியான சாய்வுமானியில் உச்சியைப் பார்க்கும்போது 40 பாகையும், கண்மட்டத்துக்குக் கீழே அடிப்பகுதியைப் பார்க்கும்போது 5 பாகையும் கிடைத்தால், இரு கோணங்களின் டேன் மதிப்புகளைக் கூட்டி 20 ஆல் பெருக்க வேண்டும்; விடை ஏறத்தாழ 18.5 மீட்டர். சரிவான நிலத்தில் டேப்பைத் தரையோடு பிடித்து அளந்த தொலைவை அப்படியே பயன்படுத்தக் கூடாது. 20 பாகைச் சரிவில் டேப் 20 மீட்டர் காட்டினால் கிடைத்தொலைவு 18.8 மீட்டர் மட்டுமே. சில கருவிகளில் 15 மீட்டர் தொலைவுக்கும் 20 மீட்டர் தொலைவுக்கும், உயரத்தை நேரடியாகக் காட்டும் தனித்தனி அளவுகோல்கள் அருகருகே இருக்கும். 15 மீட்டரில் நின்றுகொண்டு மற்றதைப் படித்தால் உயரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

இவற்றைவிட நுட்பமான பிழை, அகலமாகப் படர்ந்த மரங்களில் நேர்கிறது. நாம் உச்சி என்று குறிவைப்பது நம் பக்கம் 4 மீட்டர் நீண்டிருக்கும் ஒரு கிளையின் நுனியாக இருக்கலாம். 20 மீட்டர் தொலைவிலிருந்து 45 பாகையில் அதைப் பார்த்தால் கண்மட்டத்துக்கு மேல் 20 மீட்டர் என்று கணக்கு வரும். உண்மையில் அந்த நுனி 16 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. லேசர் தூரமானியால் நுனிக்கே உள்ள தொலைவை அளந்து, கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் இந்தச் சிக்கல் எழாது. அந்த வசதி இல்லாதவர்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து அளந்து ஒப்பிடுவது நல்லது.

சாய்ந்த மரத்தை வெட்டப்போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம்மை விட்டு விலகிச் சாய்ந்த மரம் உயரத்தைக் குறைத்துக் காட்டும். அதனால் சாய்வுக்குச் செங்குத்தான பக்கத்தில் நின்றே அளக்க வேண்டும். அப்போதும் செங்குத்து உயரமும் மரத்தின் நீளமும் ஒன்றல்ல. 20 பாகை சாய்ந்த, 20 மீட்டர் நீளமுள்ள மரத்தின் உயரம் 18.8 மீட்டர்தான், விழும்போது எட்டுவதோ முழு 20 மீட்டர். ஆட்களை விலக்கி நிறுத்தும் தொலைவைப் பொதுவாக மரத்தின் நீளத்தைப்போல் இரு மடங்காக வைப்பதால், இந்த வேறுபாடும் இரட்டிக்கிறது.

சென்டிமீட்டர் வரை எழுதத் தகுந்த உயரங்களும் உண்டு. கலிபோர்னியாவில் 2006-இல் கண்டறியப்பட்ட ஹைபீரியன் என்ற ரெட்வுட் மரத்தின் உச்சிவரை ஏறி, டேப்பை நேராகத் தொங்கவிட்டு அளந்ததால்தான் 115.55 மீட்டர் என்று பதிய முடிந்தது. தரையில் நின்று கோணம் பார்ப்பவருக்கு 45 பாகையில் ஒரு பாகை பிசகினாலே, 20 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் மாறிவிடும். ஆண்டுக்கு 30 சென்டிமீட்டர் வளரும் மரத்தை இம்முறையில் ஆண்டுதோறும் அளந்து வளர்ச்சி என்று பதிவதில் பொருளில்லை. நின்ற இடத்தையும் கருவியையும் குறித்துவைத்து, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அங்கிருந்தே மீண்டும் அளக்கலாம்.