ஹேண்டில் நடுவில் பிடிக்கிறதா? இறுக்கினால் தீராது

பால் ஊற்றும் அண்ணன் ஒருவர் போன மாதம் தன் பழைய ஸ்பிளெண்டரைக் கொண்டுவந்தார். "தம்பி, மெதுவா போனா வண்டி நெளியுது. வேற கடையில மூணு தடவை ஹேண்டிலை டைட் வச்சுக் குடுத்தாங்க. ரெண்டு நாள் பரவாயில்ல, அப்புறம் பழையபடிதான்" என்றார். முன் டயரும் வீல் பேரிங்கும்கூட மாற்றிவிட்டாராம்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கினேன். இரண்டு விரலால் ஹேண்டிலை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பினேன். சக்கரம் நேராக வந்ததும் குழிக்குள் விழுந்த மாதிரி ‘டக்’கென்று உட்கார்ந்தது. அங்கிருந்து நகர்த்தக் கொஞ்சம் அழுத்தம் வேண்டியிருந்தது. இதைப் பார்த்த பிறகு வேறு சோதனை தேவையில்லை. கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்தின் பேரிங், போய்விட்டது.

ஃபிரேமின் கழுத்துக் குழாயில் மேலே ஒரு கப், கீழே ஒரு கப். அவற்றுக்கு எதிரே இரண்டு கோன். நடுவில் கிரீஸில் மிதக்கிற குண்டுகள். வண்டியின் முன்பக்க பாரம் முழுக்க இந்த வழியாகத்தான் இறங்குகிறது. வீல் பேரிங் போல இது முழுசாகச் சுற்றுவதில்லை, அதுதான் சிக்கல். ரோட்டில் பெரும்பாலான நேரம் ஹேண்டில் நேராகவே இருப்பதால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அதே குண்டு அதே இடத்தில்தான் அடி வாங்குகிறது. வருடக்கணக்கில் வாங்குகிற அடியில் கப்பில் குண்டுக்கு ஒரு குழி விழுந்துவிடுகிறது.

குழி விழுந்த கப்பை இறுக்கினால் என்ன ஆகும்? ஆட்டம் போகும், ‘டொக் டொக்’ சத்தம் நிற்கும். ஆனால் குண்டு குழிக்குள் இன்னும் அழுத்தமாக உட்காரும். மெதுவாகப் போகும்போது நாம் நேராகப் போவதாக நினைத்தாலும், கை ஹேண்டிலை நூலளவு இப்படியும் அப்படியும் திருப்பித்தான் வண்டியைச் சாயாமல் வைத்திருக்கிறது. அந்த நூலளவு அசைவைத்தான் குழி தடுக்கிறது. கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் குழியைத் தாண்டித் தேவைக்கு மேல் திரும்பிவிடும். உடனே மறுபக்கம் இழுக்க வேண்டும். பால் கேனோடு மணலிலோ ஈர ரோட்டிலோ இது நடந்தால் கீழே விழவேண்டியதுதான். அதனால்தான் ‘டைட் வச்சா சரியாயிடும்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த வண்டியைப் பிரித்தபோது, மேல் கோனை இறுக்கும் நட்டின் காடிகள் உளி அடியில் மழுங்கிக் கிடந்தன. அந்தக் காடியில் மாட்டித் திருகும் சி ஸ்பேனர் பெரிய விலை இல்லை. அது போட வேண்டிய இடத்தில் உளியையும் சுத்தியலையும் வைத்தால், எவ்வளவு இறுக்கினோம் என்றே கைக்குத் தெரியாது. கீழ் கப்பில் கிரீஸ் என்று ஒன்றும் இல்லை, துருப்பொடி கலந்த காய்ந்த களிம்புதான். மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்து, குண்டு ஓடும் தடத்தை நகத்தால் வருடும்படி அண்ணனிடம் சொன்னேன். வருடினார். சம இடைவெளியில் வரிசையாக நகம் தட்டியது. "இது டைட் வச்சா எப்படிண்ணே போகும்?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ் கப்தான் முதலில் கெடும். பாரம் அதன் மேல்தான், தண்ணீரும் சேறும் தெறிப்பதும் அங்கேதான். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னைக் கழுத்துக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். இருக்கிற கிரீஸும் போய்விடும்.

மாற்றுவதாக இருந்தால் கப், கோன், குண்டு எல்லாவற்றையும் செட்டாக மாற்றுங்கள். பழைய கப்பில் புதுக் குண்டு போடுவது வீண் செலவு. கழுத்துக் குழாய்க்குள் நிற்கும் தண்டான ஸ்டெம்மை இறக்கும்போது கீழே துணி விரித்து, மேலே எத்தனை, கீழே எத்தனை என்று குண்டுகளைத் தனித்தனியாக எண்ணி வையுங்கள். பல பழைய வண்டிகளில் கால் இன்ச் குண்டு, அதாவது 6.35 மில்லிமீட்டர். சிலவற்றில் மேலே ஓர் அளவு, கீழே வேறு அளவு. கலந்துவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

பழைய கப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து நீளக் கம்பி விட்டு, ஓரம் மாற்றி ஓரம் தட்டி இறக்க வேண்டும். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு கழுத்துக் குழாயைக் கெடுக்கும். புதுக் கப்பை ஏற்ற, நீள ஸ்டட் (மரை போட்ட கம்பி), கனமான வாஷர், நட் வைத்து இழுப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. அது இல்லையென்றால் பழைய கப்பைப் புதியதன் விளிம்பில் வைத்துத் தட்டலாம். குண்டு ஓடும் இடத்தில் ஓர் அடிகூட விழக்கூடாது. முழுதாக உட்கார்ந்ததும் தட்டும் சத்தமே மாறிவிடும், காது கொடுத்துக் கேளுங்கள். கிரீஸைத் தாராளமாக அப்புங்கள், குண்டும் அதில் ஒட்டி நிற்கும்.

இறுக்குவதில்தான் பொறுமை வேண்டும். முதலில் காடி நட்டைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கி, ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகப் பத்துத் தடவை திருப்பி, எல்லாம் உட்கார்ந்ததும் தளர்த்துங்கள். பிறகு ஆட்டம் போகும் வரை மட்டும் திருகுங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. தூக்கி நிற்கும் சக்கரம் நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் தன் எடையிலேயே இரு பக்கமும் விழ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே வரும் நட்டை முறுக்கியதும் இந்த அளவு மாறும். மறுபடி பார்க்காமல் வண்டியை வெளியே விடாதீர்கள்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் குண்டுக்குப் பதில் டேப்பர் ரோலர் (ஒரு முனை சிறுத்த உருளைகள் கொண்ட பேரிங்) போடலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். குண்டு ஒரு புள்ளியில் தாங்கும், ரோலர் ஒரு கோட்டில் தாங்கும், அதனால் குழி விழுவது குறையும். பழைய செட்டின் மொத்த உயரத்தை அளந்து ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள். உயரம் கூடினால் மேல் நட்டுக்கு மரை போதாது.

அண்ணனை 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தேன். புதுக் கப் இன்னும் கொஞ்சம் இறங்கி உட்காருவது வழக்கம். வந்தார். நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகினேன். இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்தேன். ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடவில்லை, ரேஸ் ஏறவில்லை. கேனை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.