மரையில் தடவும் கறுப்பு கிரீஸ் எல்லாம் ஒன்றல்ல

தொழிற்சாலைப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஷட்டவுன் நாளில் புதிய பாகத்தை மாட்ட அரை மணி நேரம் போதும், பழைய நட்டைக் கழற்றத்தான் பாதி நாள் போகும். ஸ்பேனரில் பைப்பை மாட்டி இழுப்போம். அதற்கும் அசையவில்லை என்றால் கேஸ் கட்டிங் வைத்து வெட்டி எடுப்போம். அப்புறம் மேலிருந்து ஓர் உத்தரவு வரும்: "இனிமேல் எல்லா போல்ட்டுக்கும் ஆன்டி-சீஸ் தடவுங்கள்." ஆன்டி-சீஸ் என்றால், மரை, அதாவது போல்ட்டிலும் நட்டிலும் இருக்கும் திருகுப் பள்ளம், பிடித்துக்கொள்ளாமல் இருக்கப் பொடி கலந்து வரும் கிரீஸ். ஸ்டோருக்கு ஒரே ஒரு டப்பா வந்து சேரும். அலுமினிய ஹவுசிங், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட், பாய்லர் ஃபிளேஞ்ச் என்று எல்லாவற்றுக்கும் அதுவே போகும். அந்த "எல்லா போல்ட்டுக்கும்" என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

மரைக்கு எதைத் தடவலாம், எதைத் தடவக் கூடாது என்று அழுத்தம் திருத்தமாக எழுதி வைத்த ஒரு துறை இருக்கிறது. நீங்கள் எதிர்பார்க்காத துறை: துப்பாக்கி. அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைஃபிளிலும், அங்கே பொதுமக்கள் வாங்கும் ஏஆர்-15 ரைஃபிளிலும் குழலை உடலோடு பிடித்து வைப்பது ஒரே ஒரு நட்டு. அமெரிக்காவில் பலர் இதை வீட்டு கராஜிலேயே கழற்றி மாட்டுகிறார்கள். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்பேனரைத் தூக்க வேண்டாம். நம் பட்டறையில் தனித்தனியாக வரும் தொல்லைகள் அத்தனையும் அந்த ஒரு நட்டில் கூடியிருக்கின்றன என்பதால்தான் அதைப் பேசுகிறேன்.

அமைப்பு இதுதான். குழல் எஃகு. உடலின் மேல்பாதி 7075-டி6 என்ற அலுமினியக் கலவை. குழலின் பின்முனை அந்த அலுமினிய உடலுக்குள் நுழைந்து உட்காரும். உடலின் வெளிப்புறத்தில் மரை வெட்டியிருக்கும். குழலில் இருக்கும் விளிம்பை அழுத்திப் பிடித்தபடி நட்டு அந்த மரையில் ஏறும். ஆக, எஃகும் அலுமினியமும் நேருக்கு நேர் தொடுகின்றன. சுடச்சுடச் சூடேறும், பிறகு ஆறும். மழை, வியர்வை எல்லாம் படும். குழல் தேய்ந்தால் பல வருடம் கழித்துக்கூட அதைக் கழற்றியாக வேண்டும், உடலின் மரைக்கு ஒன்றும் ஆகாமல்.

இதற்கு ராணுவம் சொல்வது மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ். மில்-ஜி-21164 என்பது அதன் தர எண். விமானப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு இது பழகிய எண்தான். இந்தத் தரத்தில் வருவதில் பலரும் அறிந்தது ஏரோஷெல் 33எம்எஸ். அதுவே பின்னாளில் ஏரோஷெல் கிரீஸ் 64 என்று பெயர் மாறி வருகிறது. இதில் சுமார் 5 சதவீதம் மாலிப்டினம் டைசல்ஃபைடு. கூடவே ஓர் எச்சரிக்கையும் துப்பாக்கிக்காரர்கள் சொல்வார்கள்: கிராஃபைட் கலந்த கிரீஸ் இந்த இடத்தில் வேண்டாம்.

நம் ஆட்கள் தடுமாறுவது சரியாக இங்கேதான். மாலிப்டினம் கிரீஸும் கறுப்பு, கிராஃபைட் கிரீஸும் கறுப்பு. விரலில் எடுத்துத் தேய்த்தால் இரண்டும் ஒரே வழவழப்பு. இரண்டும் அடுக்கடுக்கான படிக அமைப்பு கொண்டவை, அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் உராய்வு குறைகிறது. கடையில் "கறுப்பு கிரீஸ்" என்று கேட்டால் கைக்கு எது அகப்படுகிறதோ அதைக் கொடுப்பார்கள்.

ஆனால் மின்வேதியியலில் இரண்டும் வேறு. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். கடல்நீரில் எளிதில் அரிக்காதது மேலே, அரிப்பது கீழே என்று உலோகங்களை அரிமான வரிசையில் அடுக்கினால் தங்கம், பிளாட்டினத்தோடு உச்சியில் உட்காருவது கிராஃபைட். அலுமினியம் ஏறக்குறைய மறுகோடியில், துத்தநாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் தொட்டுக்கொண்டு நடுவில் கொஞ்சம் உப்பு ஈரம் சேர்ந்தால் போதும், அங்கே ஒரு பேட்டரி ஓடும், கரைவது அலுமினியம். வெள்ளைப் பொடியாகப் பூத்து மரை நிரம்பிக்கொள்ளும். விமானத்தின் அலுமினியத் தகட்டில் பென்சிலால் கோடு போட விடமாட்டார்கள். பென்சில் முனை கிராஃபைட் என்பதுதான் காரணம்.

இதே கணக்கில் செம்புப் பொடி கலந்த ஆன்டி-சீஸும் அலுமினியத்துக்கு நல்ல துணை அல்ல. ஏஆர்-15இல் செம்பு ஆன்டி-சீஸ் தடவி வருடக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த உடலின் மேல் கடினமான ஆனோடைஸ் படலம் (மின்சாரம் பாய்ச்சி வளர்த்த ஆக்சைடு பூச்சு) உண்டு, அது மின்சாரம் கடத்தாது. துப்பாக்கி அலமாரியில் உலர்ந்து கிடந்தால் பேட்டரி ஓட ஈரமும் இல்லை. ஆனால் நட்டு ஏறி இறங்கும்போது மரையின் விளிம்பில் அந்தப் படலம்தான் முதலில் உரசும். கடற்கரை ஊரில் வேலை பார்ப்பவர்கள் அதை நம்பி இருக்கக் கூடாது. எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ அலுமினிய ஹவுசிங்கில் எஃகு போல்ட் மாட்டுபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: டப்பாவின் நிறத்தைப் பார்க்காதீர்கள், தரவுத்தாளை வாங்கி உள்ளே என்ன பொடி என்று பாருங்கள். கிராஃபைட் என்று இருந்தால் வேறு டப்பா.

எஃகின் மேல் எஃகு என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. உடலும் எஃகாக இருக்கும் போல்ட்-ஆக்ஷன் ரைஃபிள்களில் (ஒவ்வொரு முறை சுட்டதும் கையால் இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை) குழலை நேரே உடலின் மரையில் திருகி இறுக்குவார்கள். போட்டிகளில் சுடுபவர்கள் குழல் தேயத் தேய மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அங்கே செம்பு, நிக்கல், மாலிப்டினம் எது தடவினாலும் வேலை நடக்கும். பிரச்சினை வருவது குழலும் ஸ்டெயின்லெஸ், உடலும் ஸ்டெயின்லெஸ் என்றால்தான்.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டைக் காய்ந்தபடி இறுக்கியவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த நட்டு பாதியில் நிற்கும். முன்னும் போகாது, பின்னும் வராது. அதன் மேலிருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் அழுத்தத்தில் கிழிந்து, வெறும் உலோகமும் வெறும் உலோகமும் தொட்டு ஒட்டிக்கொள்கின்றன. வெல்டிங் மெஷின் இல்லாமலே ஒரு வெல்டிங். இம்பாக்ட் ரெஞ்சு வைத்து வேகமாக ஓட்டினால் இன்னும் சீக்கிரம் நடக்கும். சாயப்பட்டறை இயந்திரங்களில் எஸ்.எஸ். போல்ட் கையாளும் ஃபிட்டர்கள் கையால் நட்டை ஓட்டிவிட்டு கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஸ்பேனர் போடுவது வெறும் பழக்கம் அல்ல, அதுதான் சரியான முறை. இங்கே நிக்கல் ஆன்டி-சீஸ் நல்ல தேர்வு. துத்தநாகம் கலந்ததை ஸ்டெயின்லெஸ்ஸில், அதிலும் சூடாகும் இடத்தில், தடவக் கூடாது. உருகிய துத்தநாகம் ஸ்டெயின்லெஸ்ஸின் உள்ளே ஊடுருவி விரிசல் உண்டாக்கும்.

அடுத்தது இறுக்கும் அளவு. ஆன்டி-சீஸ் விஷயத்தில் அதிகமாக உடைவது இதனால்தான் என்பது என் கணிப்பு. போல்ட்டைத் திருப்ப நாம் கொடுக்கும் டார்க்கில், அதாவது முறுக்கு விசையில், பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடும். பாதி நட்டின் அடிப்பக்க உராய்வில், சுமார் 40 சதவீதம் மரை உராய்வில். மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாகிறது. உராய்வைக் குறைத்துவிட்டு அதே டார்க்கைக் கொடுத்தால், மிச்சமான முறுக்கு அத்தனையும் இழுவிசையாக மாறும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 8.8 வலிமைத் தரத்தில் ஓர் எம்12 போல்ட் (12 மி.மீ. விட்டம்), 80 நியூட்டன் மீட்டர் டார்க். காய்ந்த மரைக்கு உராய்வுக் காரணி சுமார் 0.20 என்று வைத்தால் போல்ட்டில் ஏறும் இழுவிசை ஏறத்தாழ 33 கிலோநியூட்டன். ஆன்டி-சீஸ் தடவினால் காரணி 0.13 வரை இறங்கும், விசை 51 கிலோநியூட்டன் ஆகிவிடும். அந்த போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லை சுமார் 49. கையேட்டில் இருந்த எண்ணையே வைத்தோம், டார்க் ரெஞ்சும் 'டிக்' என்று சரியாகத்தான் அடித்தது, ஆனால் போல்ட் எல்லையைத் தாண்டிவிட்டது. உடனே அறுந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். நீண்டுபோய், இறுக்கமாக இருப்பதுபோல் நடித்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

ஆகவே கையேட்டில் ஒரு டார்க் எண்ணைப் பார்த்தால் கூடவே கேட்க வேண்டியது: இது காய்ந்த மரைக்கா, எண்ணெய் தடவியதற்கா? ஏஆர்-15 நட்டுக்கு ராணுவக் கையேடு கொடுப்பது குறைந்தது 30 அடி-பவுண்டு, அதிகபட்சம் 80. நம் அளவில் சுமார் 41 முதல் 108 நியூட்டன் மீட்டர் வரை. இவ்வளவு அகலமான இடைவெளி ஏன் என்றால், நட்டில் இருக்கும் பற்களின் நடுவே ஒரு கேஸ் குழாய் நுழைய வேண்டும். குறைந்தபட்ச அளவைத் தாண்டியபின், துளை நேராக வரும் வரை திருப்பிக்கொண்டே போகலாம். மரையில் கிரீஸ் இருக்கும் என்ற கணக்கில் கொடுத்த எண்கள் அவை. முதலில் 30 வரை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி, தளர்த்தி, மூன்றாவது முறைதான் கடைசியாக இறுக்குவார்கள். புது மரையில் இருக்கும் சிறு மேடுகள் அதில் படிந்துவிடும். இந்தப் பழக்கம் நமக்கும் நல்லது, அலுமினிய மரையில் வேலை செய்யும்போது முக்கியமாக.

ஸ்பார்க் பிளக் இதற்கு நேர் எதிரான உதாரணம். மெக்கானிக்குகள் அக்கறையோடுதான் ஆன்டி-சீஸ் தடவுகிறார்கள், அலுமினிய ஹெட்டில் பிளக் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்று. ஆனால் பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனம் தன் பிளக்குகளில் எதையும் தடவ வேண்டாம் என்கிறது. மரையில் ஏற்கனவே பூச்சு உண்டு, ஆன்டி-சீஸ் தடவினால் 20 சதவீதம் வரை அதிகமாக இறுகிவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கார் சக்கர நட்டும் அப்படித்தான். காய்ந்த மரைக்குக் கொடுத்த எண் அது, கிரீஸ் தடவாதீர்கள்.

டப்பா மேல் போட்டிருக்கும் வெப்பநிலையும் பலரை ஏமாற்றும். நிக்கல் ஆன்டி-சீஸ் 1,300 டிகிரி தாங்கும், செம்பு சுமார் 980 தாங்கும் என்று இருக்கும். அது உள்ளே இருக்கும் பொடிக்கான எண். பொடியைச் சுமக்கும் எண்ணெய் அதற்கு வெகு முன்பே எரிந்து போய்விடும். மிஞ்சும் காய்ந்த பொடி, மரைகளுக்கு நடுவே தடுப்பாக நிற்கும். கழற்றுவதற்கு அது போதும், ஓடும் பாகத்துக்குப் போதாது. ஆன்டி-சீஸை பேரிங்கில் வைக்கவே கூடாது. பிரேக் காலிப்பரின் ஸ்லைடு பின்னிலும் வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் பட்டு அங்குள்ள ரப்பர் ஊதிவிடும். அதற்கென்று சிலிகான் பிரேக் கிரீஸ் இருக்கிறது. மாலிப்டினம் டைசல்ஃபைடுக்கும் எல்லை உண்டு. காற்றுப் படும் இடத்தில் 400 டிகிரியை நெருங்கும்போது அது ஆக்சைடாக மாறத் தொடங்கிவிடும். துப்பாக்கி நட்டு அந்தச் சூட்டுக்குப் போவதில்லை, பாய்லர் போல்ட் போகலாம்.

இங்கே ஒரு சின்னச் சங்கதி, வேலைக்கு உதவாது என்றாலும் எனக்குப் பிடித்தது. கிராஃபைட் வழுக்குவதற்குக் காற்றின் ஈரம் தேவை. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மிக உயரத்தில் பறந்தபோது ஜெனரேட்டரின் கார்பன் பிரஷ்கள் கண்மூடித் திறப்பதற்குள் தேய்ந்து பொடியானது இதனால்தான். மாலிப்டினம் நேர்மாறு, ஈரம் இல்லாதபோது அதற்குக் கொண்டாட்டம். விண்வெளிக் கலங்களில் அதைத் தேடிப் போவது இதற்காகத்தான்.

தடவவே கூடாத இடம் ஒன்று: ஆக்ஸிஜன் சிலிண்டர், அதன் ரெகுலேட்டர், குழாய். எண்ணெயோ கிரீஸோ சாதாரண ஆன்டி-சீஸோ அழுத்தமான ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். வெல்டிங் செய்பவர்களுக்கு இது மனப்பாடம். மருத்துவமனையிலும் வீட்டிலும் சிலிண்டர் மாற்றுபவர்கள் சிலருக்குத் தெரிவதில்லை. வால்வு இறுக்கமாக இருக்கிறதே என்று ஒரு சொட்டு எண்ணெய் விடுபவர்களை இன்னும் பார்க்கிறேன். ஐஸ் ஃபேக்டரி போல அமோனியா ஓடும் இடத்தில் செம்பு கலந்தது வேண்டாம், அமோனியா செம்பைத் தின்றுவிடும்.

துப்பாக்கிக்குத் திரும்பினால், அளவும் இடமும் சேர்ந்தே முக்கியம். மரையிலும் நட்டு உட்காரும் முகத்திலும் மெல்லிய படலமாக, பிரஷ்ஷால் ஒரு முறை. அதிகப்படியானது வழிந்து குழலின் உள்ளே போனால் துடைத்து எடுத்தாக வேண்டும். உள்ளே கிரீஸோடு சுடுவது அழுத்தத்தைத் தாறுமாறாக்கும். நட்டு தானாகக் கழலாமல் ஒட்டிவைக்கும் திரெட்-லாக்கர் பசை அந்த நட்டுக்கு வேண்டாம். சிவப்பு வகையைக் கழற்ற 250 டிகிரி வரை சூடு காட்ட வேண்டியிருக்கும், அந்த அலுமினியம் அதைத் தாங்காது. 7075-டி6 தன் வலிமையைப் பெறுவதே சுமார் 120 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பதப்படுத்துவதால்தான். அதைவிட அதிகச் சூட்டில் காட்டினால் பதம் போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஏற்கனவே பிடித்துக்கொண்ட அலுமினிய மரையிலும் இதை நினைவில் வைக்க வேண்டும். எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஆகவே அலுமினிய உடலுக்குள் சிக்கிய எஃகு போல்ட்டை மிதமான சூடு தளர்த்தும். ஹாட் ஏர் கன், கையால் தொட முடியாத சூடு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்துவிட்டு, காலையில் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வந்தபின் வெள்ளைப் பொடியை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கம்பி பிரஷ் போட்டால் மிச்சமிருக்கும் ஆனோடைஸும் போய்விடும்.