ஞாயிற்றுக்கிழமை போட்ட பிரிவ்யூ

2024-ல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி எழுதிய சர்வீஸ், எல்லோர் நிரலையும் எடுத்து ஓடும் மென்பொருளாகக் கட்டும் பில்டு சர்வரில் நின்றுவிட்டது. "அண்ணா, என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்றான். ஓடத்தான் செய்தது. அவன் லேப்டாப்பில் டாட்நெட் (நாங்கள் நிரல் எழுதும் மைக்ரோசாஃப்ட் தளம்) வெர்ஷன் என்னவென்று பார்த்தோம். 9.0.100, அதன் பின்னால் பிரிவ்யூ என்ற ஒட்டு, அதாவது முழு வெளியீட்டுக்கு முன் சோதித்துப் பார்க்க விடும் பதிப்பு. நாங்கள் எல்லோரும் 8-ல் இருந்தோம்.

புதிதாக என்ன வருகிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நிறுவியிருக்கிறான், அப்புறம் மறந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தப் பதிப்பைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் குளோபல்.ஜேசான் கோப்பை புராஜெக்டில் வைக்காதது எங்கள் தவறு. அது இல்லையென்றால், கமாண்ட் லைனில் டாட்நெட் அந்த மெஷினில் உள்ளதிலேயே உயர்ந்த எஸ்டிகே-யை (நிரலைக் கட்டும் கருவித் தொகுப்பு) எடுத்துக்கொள்ளும், அது பிரிவ்யூவாக இருந்தாலும். அதனால் அவன் தொடங்கிய புது புராஜெக்டின் டார்கெட், அதாவது அது ஓட வேண்டிய டாட்நெட் பதிப்பு, தானாகவே 9 ஆகிவிட்டது.

8 என்று மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். மாற்றியதும் நான்கு இடங்களில் சிவப்புக் கோடு. எடிட்டர் காட்டியதே என்று, வகைவாரியாக எண்ணித் தரும் கவுண்ட்பை மெத்தடைப் பயன்படுத்தியிருந்தான். அது 9-ல்தான் வருகிறது. பழையபடி குரூப்பை போட்டு எழுதி, டெஸ்ட் எல்லாம் மறுபடி ஓட்டி முடிக்கும்போது இரவு பத்து மணி.

பிரிவ்யூ என்றால் கிராஷ் ஆகும் என்று பலர் பயப்படுகிறார்கள். கிராஷ் ஆனால் அப்போதே தெரிந்துவிடும். எனக்குக் கவலை, சத்தமில்லாமல் நன்றாக ஓடி, நம் நிரல் வழியாக அடுத்தவர் மெஷினுக்குப் போகும் பிரிவ்யூவைப் பற்றித்தான். ஐபோன் ஆப் எழுதுபவர்களுக்கு இது இன்னும் கறாராக வரும். ஆப்பிளின் எக்ஸ்கோடு கருவியின் பீட்டா பதிப்பில் பில்டு செய்த ஆப்பை ஆப் ஸ்டோர் ஏற்காது. ரிலீஸ் நாளில் இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும். 2024 மார்ச்சில், லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருப்பது வெளிவந்தது. டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பான ஸ்டேபிளில் இருந்தவர்களுக்கு அது வந்து சேரவில்லை. இன்னும் சோதனையில் இருக்கும் டெபியன் சிட், ஃபெடோரா ராஹைடு போன்ற லினக்ஸ் பதிப்புகளை வைத்திருந்தவர்களுக்குத்தான் வந்தது. அதைக் கண்டுபிடித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்டும் டெபியன் சிட்டில்தான் இருந்தார். வேறொரு மெஷினுக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் சுமார் அரை நொடி தாமதமானது அவர் கண்ணில் பட்டது. முன்வெளியீடுகளுக்கு இப்படிப் பார்க்கிற ஆட்கள் தேவை. ஆனால் டெட்லைனுக்காக ஓடுகிறவருக்கு அந்த அரை நொடி எங்கே தெரியப்போகிறது?

இப்போது எங்கள் எல்லா ரெபாசிட்டரியிலும் குளோபல்.ஜேசான் இருக்கிறது. டீம் பயன்படுத்தும் எஸ்டிகே எண்ணை அதில் எழுதிவிட்டோம், சில வரிகள்தான். பிரிவ்யூ பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தங்கள் மெஷினைத் தொடாமல் தனியாக ஓட்ட உதவும் டாக்கர் கன்டெய்னரில் ஓட்டிப் பார்க்கிறார்கள். விஎஸ் கோடு எடிட்டரின் முன்வெளியீட்டுப் பதிப்பான இன்சைடர்ஸ் வைத்துக்கொள்வதற்கு நான் தடை சொல்வதில்லை. அதன் செட்டிங்ஸும் எக்ஸ்டென்ஷன்களும் தனியாக இருப்பதால் அதுவும் வழக்கமான விஎஸ் கோடும் அருகருகே ஓடும்.

தம்பி இன்னமும் புதுப் பிரிவ்யூ வந்தால் முதலில் பார்ப்பவன்தான். போன மாதம் ஒரு பிழையைப் பிடித்து, அதை உருவாக்கியவர்களுக்கே எழுதி அனுப்பினான். எழுதும் முன் கன்டெய்னரில் மூன்று முறை ஓட்டி உறுதி செய்துகொண்டான்.